கத்தாரும் ஆவுடைப்பட்டியும்

அந்தப் பேப்பரை மடிச்சு வையுங்க சார். கோவிச்சுக்காதீங்க. நானும் பஸ் ஏறினதுலருந்து பாக்குறேன், அந்த ஒரே பக்கத்தை வச்சுக்கிட்டு நெத்தியச் சுருக்கிக்கிட்டு இருக்கீங்க. அரபு நாட்டுச் சண்டைதானே? அதைப் பேப்பர் படிச்சு வெளங்கிக்க முடியாது சார். எழுதுறவனுக்கே வெளங்கல, படிக்கிறவனுக்கு எங்க வெளங்கப்போகுது? நான் சொல்றேன் கேளுங்க. பதினாறு வருசம் கத்தார்ல இருந்தவன் நான். தோகாவுல ஒரு லேபர் கேம்ப்பு மெஸ்ஸுல மாஸ்டர். முன்னூறு பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டவன். அரசியல் எல்லாம் அடுப்படிக்குத்தான் சார் முதல்ல வரும், பேப்பருக்கு மறுநாள்தான் போகும்.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. இந்தத் தட்டுல மாலை இருக்கு, நசுங்கிறப்படாது. மூணு தட்டு. ஆமா, சீர்த்தட்டுதான். பட்டு, பழம், மாலை. இல்ல சார், நான் எங்கயும் கல்யாணத்துக்குப் போகல. காரைக்குடிக்குப் போறேன். டிக்கெட்டைப் பாருங்க, காரைக்குடின்னு போட்டிருக்கா? நடுவுல இறங்குற ஆளு இல்ல நான்.

வெவரத்தைச் சொல்லிப்புடுறேன். இன்னும் கால் மணி நேரத்துல ஆவுடைப்பட்டி விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு வரும். அங்க எம் பொண்டாட்டி தெய்வானை நிப்பா. நான் படிக்கட்டுல நின்னுக்கிட்டே இந்த மூணு தட்டையும் அவ கையில குடுத்துருவேன். கால் தரையில படாது. கண்டக்டர் விசில் அடிப்பாரு, பஸ் கெளம்பிரும். நீங்க தட்டை எடுத்து எடுத்து எங்கிட்டக் குடுத்தா வேலை சுளுவா முடிஞ்சிரும். செய்வீங்களா? நல்லாருப்பீங்க.

ஏன் இறங்கலைன்னா கேக்குறீங்க? ஆவுடைப்பட்டியில இன்னைக்கு எந் தங்கச்சி மீனாள் மக யாழினிக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். நாந்தான் தாய்மாமன், கூடப்பொறந்தது நாங்க ரெண்டே பேரு. தாய்மாமன் கையப் புடிச்சுத்தான் பொண்ணு மணவறைக்கு வரணும், அது எங்க வழக்கம். எல்லாம் சரி. ஆனா நான் கால் வைக்க மாட்டேன். பதினோரு வருசமா அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து கெடையாது. செய்ய வேண்டிய சீரைச் செஞ்சிரணும், நாளைக்கு எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான். அதை விடுங்க, அது சில்லறை விசயம். நம்ம கத்தாருக்கு வருவோம்.

அன்னைக்கு நோம்பு மாசம் சார். ஜூன் மாசம், வெயிலு கொதிக்குது. காலையில எந்திரிச்சு உளுந்தை ஊறப்போட்டுட்டு ரேடியோவைத் திருப்புனா, கத்தாரைத் தள்ளி வச்சுட்டாங்கன்னு சொல்றான். யாரு? சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து. நாலு பேரு. தரை வழியா லாரி வரக் கூடாது, கடல் வழியா கப்பல் வரக் கூடாது, ஆகாசத்துல பிளேன் பறக்கக் கூடாது. கேம்ப்புல இருந்த நேபாளி, பெங்காலி, மலையாளி எல்லாரும் என்ன ஏதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. எனக்கு மட்டும் ஒரு நிமிசத்துல வெளங்கிருச்சு. எப்படின்னு கேளுங்க. எங்க ஊர்ல நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது ஒரு குடும்பத்தைத் தள்ளி வச்சிருந்தாங்க. அந்த வீட்டுக்கு நெருப்புக் குடுக்கக் கூடாது, கெணத்துல தண்ணி எறைக்க விடக் கூடாது, நாசுவர் போகக் கூடாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசப்படி மிதிக்கக் கூடாது. அதேதான் சார் இது. அங்க கெணறு, இங்க ஆகாசம்.

படிச்சவங்க என்ன சொல்றாங்க? எண்ணெய்ங்கிறாங்க, கேஸுங்கிறாங்க, அமெரிக்காங்கிறாங்க, மதத்துல அந்தப் பிரிவு இந்தப் பிரிவுங்கிறாங்க. எல்லாம் இருக்கும். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அடியில போய்த் தோண்டிப் பாருங்க, மரியாதை. கத்தார் இம்புட்டுக்காண்டு தேசம். அது என்ன பண்ணுச்சு? பெரிய பங்காளிகிட்டக் கேக்காம அதுபாட்டுக்கு நாலு எடத்துக்குப் போய் வந்துச்சு. பெரியவனுக்கு ஆகாத ஈரான்கிட்டப் பேசுச்சு. துருக்கிக்காரன் பட்டாளத்தைக் கூப்பிட்டு வீட்டுத் திண்ணையில படுக்க வச்சுச்சு. போதாததுக்கு ஒரு டிவியை வச்சுக்கிட்டு எல்லா வீட்டுச் சங்கதியையும் ஊருக்கே ஒளிபரப்புச்சு. பெரியவனுக்குப் பொறுக்குமா? இதுல அந்தப் பக்கமும் ஒரு நாயம் இருக்கு, இந்தப் பக்கமும் ஒரு நாயம் இருக்கு. நான் ரெண்டு பக்கமும் சேராதவன். தராசு மாதிரி நின்னு பேசுவேன்.

இப்ப எங்க சண்டையவே எடுத்துக்குங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். யாழினிக்குச் சடங்கு வச்சாங்க, பதினோரு வருசத்துக்கு முன்னாடி. நான் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, தாய்மாமன் சீரோட வந்து இறங்குறேன். மண்டப வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கு. தென்னமரம் ஒசரம். அதுல யாரு மூஞ்சி? கவுன்சிலர் கதிரேசன் மூஞ்சி. எந் தங்கச்சி புருசன் வயிரவனுக்குச் சித்தப்பா மகன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, செல்போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறாரு. தாய்மாமன் எங்கன்னு தேடுனா, கீழ மூலையில, ஃப்ளெக்ஸ் அடிச்ச கடைக்காரன் போன் நம்பருக்குப் பக்கத்துல, தீப்பெட்டி சைஸுல இருக்கேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ. பத்திரிகையப் பாத்தா எம் பேரு நாலாவது. கதிரேசன் பேரு முதல்ல. சோறு திங்காம திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு விட்டதுதான். இதுல எண்ணெய் இருக்கா, கேஸ் இருக்கா? சொல்லுங்க.

சரி, இது நடுவுல எதுக்கு? கத்தார்.

தள்ளி வச்ச மறுநாளு கடையில பால் இல்ல, தயிர் இல்ல. பாலும் தயிரும் அம்புட்டும் சவூதியிலருந்து லாரியில வந்துக்கிட்டிருந்தது. நம்ம ஆளுக எதை வேணா பொறுத்துக்குவாங்க, தயிர் இல்லாம மத்தியானச் சோறு எறங்காது. மெஸ்ஸுல ஒரே கலவரம். நாலாம் நாளு துருக்கிப் பால் வந்துச்சு, பிளேன்ல. அப்புறம் ஈரான் தயிரு. அதுல உப்புப் போட்டிருக்கான் சார்! மாசம் ஒண்ணு ஆச்சு, பசுமாட்டையே பிளேன்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. நாங்க லீவுக்கு வர்றதுக்கு டிக்கெட் கெடைக்கல, மாடு சொகுசா உக்காந்து வருது. துருக்கிப் பாலை ஒறை ஊத்துனா முதல்ல தயிராவே மாட்டேன்னுச்சு. நான் விடல. மூணு நாளு போராடி, பழைய தயிரு ஒரு கரண்டி மிச்சம் வச்சிருந்தேன் பாருங்க, சவூதித் தயிரு, அதை வச்சுத் துருக்கிப் பாலை ஒறைய வச்சேன். கெட்டியா நின்னுச்சு. பெரிய பெரிய ராசாக்களால முடியாததை நான் ஒரு அலுமினியக் குண்டாவுல முடிச்சுக் காட்டுனேன்.

அப்ப எங்க மெஸ்ஸுல ஒரு எகிப்துக்காரர் சாப்பிடுவாரு. ஹுசாம்னு பேரு, ஃபோர்மேன். நல்ல மனுசன், நம்ம ரசத்தைக் கப்புல வாங்கி டீ மாதிரி குடிப்பாரு. எகிப்து அந்தப் பக்கம் சேந்திருச்சில்ல? நான் என்ன பண்ணுனேன், மூணு நாளு அந்த ஆளுக்குத் தயிர் போடல. தட்டை நீட்டுறாரு, நான் அடுத்த ஆளுக்கு ஊத்துறேன். நாலாம் நாளு வந்து கேட்டாரு: "மாஸ்டர், நான் என்ன பண்ணுனேன்? கப்பலை நானா நிறுத்துனேன்? பிளேனை நானா மறிச்சேன்? என்னைய யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" எனக்குச் சுரீர்னு உறைச்சது சார். உண்மைதானே? பெரியவங்க ரெண்டு பேரு மொறைச்சுக்கிட்டா, அதுக்கு எவனோ ஒருத்தன் தயிர் இல்லாமத் திங்கணுமா? அன்னைக்கு அவருக்கு ரெண்டு கரண்டி ஊத்துனேன்.

அதுக்கப்புறம் அவரு எங்கிட்ட மனசு விட்டுப் பேசுவாரு. அவரு மகளுக்குத் துபாய்ல கல்யாணம் வச்சிருந்தாங்க. தோகாவுலருந்து துபாய் எம்புட்டுத் தூரம்? ஏறி உக்காந்து ஒரு ஜூஸ் குடிக்கிறதுக்குள்ள எறங்கிரலாம். இப்பப் பாதை இல்ல. குவைத்துக்குப் போய், அங்க விடிய விடியக் காத்துக் கெடந்து, அப்புறம் துபாய்க்குப் போகணும். கசங்கிருமேன்னு கல்யாணக் கோட்டைக் கையிலயே புடிச்சுக்கிட்டுப் போனாரு அந்த மனுசன். நான் புளிச்சோறு கட்டிக் குடுத்து விட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெரியவங்க வீம்புக்காக ஒரு பொண்ணு கல்யாணத்துல, வர வேண்டிய ஆளு வந்து நிக்க முடியாமப் போறதுன்னா அது பாவம் இல்லையா? நெஞ்சு இருக்குறவன் செய்யிற வேலையா அது?

என்ன சார், என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறீங்க? தண்ணி வேணுமா?

நானே இந்த ரோட்டுல பதினோரு வருசங் கழிச்சு இன்னைக்குத்தான் வர்றேன். எங்க ஊருக்கும் ஆவுடைப்பட்டிக்கும் ஏழு கிலோமீட்டருதான். காரைக்குடிக்குப் போகணும்னா இந்த வழிதான் நேர் வழி. ஆனா நான் மேக்க சுத்தி, ரெண்டு பஸ் மாறி, இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூடுதலாத்தான் போவேன். அவ ஊரு போர்டு கூட எங் கண்ணுல படப்படாது. பல்லு வலின்னு ஒரு தடவை உசுரு போகுது, அப்பக்கூட சுத்தித்தான் போனேன். டாக்டரே கேட்டாரு, ஏன்யா இம்புட்டு லேட்டுன்னு. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்.

அப்புறம் அந்த நாலு தேசமும் சேந்து ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. பதிமூணு நிபந்தனை. டிவியை மூடு, ஈரான் சகவாசத்தை விடு, துருக்கிக்காரனைக் கெளப்பு, இப்படி. பத்து நாள்ல ஒத்துக்கணுமாம். நான் அந்த லிஸ்ட்டைக் கேட்டுட்டுச் சொன்னேன்: இது மனுசன் குடுக்குற லிஸ்ட்டா? இதுக்குப் பேரு சமாதானமா? எதிராளி ஒத்துக்கவே கூடாதுன்னே எழுதுற லிஸ்ட்டு சார் அது. கழுத்துல துண்டைப் போட்டு முறுக்குறது.

நான் குடுத்தது ஒம்போதுதான்.

ஆமா, நானும் குடுத்தேன். ஊருக்கு ஒரேயடியா வந்தப்புறம், யாழினிக்கு மாப்ள பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் எழுதிக் குடுத்தேன். நான் அவங்க மாதிரி கல்நெஞ்சக்காரன் கெடையாது, நாயமாத்தான் எழுதுனேன். வயிரவன் மாப்ளயும் மீனாளும் வெத்தல பாக்கு தேங்காய் பழத்தோட எங்க வீட்டுக்கு நேர்ல வந்து கூப்பிடணும். பத்திரிகையில எம் பேரு முதல்ல வரணும். ஃப்ளெக்ஸுல கதிரேசன் இருக்கக் கூடாது, இருந்தே தீரணும்னா கறுப்புக் கண்ணாடியக் கழட்டணும். கதிரேசன் வீட்டுக்கும் அவங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைக் கொறைச்சுக்கணும். மீனாளோட மாமியா போன்ல ஸ்டேட்டஸ் வைக்கிறதை நிறுத்தணும். அந்தக் கெழவி எங்களைக் குத்திக்காட்டியே தெனமும் ஒண்ணு போடுது சார். இதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு மாசம் ஒரு தடவை யாராச்சும் போய்ப் பாத்துட்டு வரணும். பந்தியில எனக்கு முதல் எலை. இன்னும் ரெண்டு இருந்துச்சு, சட்டுன்னு ஞாபகம் வரல. முக்கியமானதுதான்.

தூது போனது தெய்வானைதான். எங்க வீட்டுக் குவைத்து அவ. கத்தார் சண்டையில குவைத்துக்காரங்க இங்கயும் அங்கயும் ஓடி ஓடிப் பேசுனாங்கள்ல, அது மாதிரி. இந்தச் சண்டையில அவ எந்தப் பக்கமும் இல்ல. பக்குவமானவ. பதினோரு வருசமும் எம் பேச்சைத் தட்டாம இருந்தா. அவுக சித்தி ஒருத்தி நத்தத்துல இருக்கா, அவ வருசந்தவறாம நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்து விடுவா. தோகாவுக்கே வந்துரும், ஊர்லருந்து ஆளு வர்றப்ப. பிரிச்சு வாயில வச்சா அச்சு அசல் எங்க ஆத்தா கை. அதே வெந்தயம், அதே கசப்பு, அதுல ஒரு துண்டு வெல்லம் போடுவாங்க எங்க ஆத்தா, அந்த வெல்லமும் இருக்கும். எங்க ஆத்தா அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் குடுத்தது ஒலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

சிரிக்காதீங்க சார். நான் சமையக்காரன், எனக்கு நாக்கு இல்லையா? நத்தத்துச் சித்திக்கு எங்க ஆத்தா பக்குவம் எப்படி வந்துச்சுன்னு நான் கேக்குறதில்ல. கேட்டா பதில் வரும். பதில் வந்தா ஊறுகாய் நின்னுபோகும். கத்தாருக்கு ஓமான் வழியா தக்காளி வந்துச்சு, பெட்டியில ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு வேற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். யாரு கேட்டா? அரிஞ்சு சாம்பார்ல போட்டோம். சில விசயத்துல ராஜதந்திரம் வேணும்.

ஏன் கேக்குறீங்க, வந்தாங்க சார். வயிரவன் மாப்ளயும் மீனாளும் தாம்பூலத் தட்டோட போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் மாட்டுக்கொட்டகையில இருந்தேன். வேலையா இல்ல, சும்மா போய் நின்னுக்கிட்டேன். சாணி நாத்தத்துல அர மணி நேரம் நிக்கிறேன், கொசுவு புடுங்குது. உள்ள மீனாள் பேசுற சத்தம் கேக்குது. "அண்ணே எங்க மதினி? சாப்புடுறாகளா நல்லா? சுகர் இருக்குன்னாங்களே, மாத்திரை போடுறாகளா?" அப்படின்னு கேக்குறா. வந்த வேலையப் பாப்பாளா, அதை விட்டுட்டு. கெளம்பும்போது கொட்டகைப் பக்கமா வந்து நின்னா. தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். அவ காலு மட்டும் தெரியுது. மாடுதான் ஒரு சத்தம் குடுத்துச்சு. போயிட்டா.

பத்திரிகையில எம் பேரு முதல்லதான் இருந்துச்சு. அதையும் சொல்லணும்ல, பொய் சொல்லக் கூடாது. "தாய்மாமன் திரு. சேவுகப்பெருமாள்". ஆனா ரெண்டாவது வரியில கதிரேசன் பேரு. ஸ்கேல் வச்சு அளந்து பாத்தேன் சார். எம் பேரும் நாலு மில்லிமீட்டரு, அவரு பேரும் நாலு மில்லிமீட்டரு. அது எப்படி? முதல்ல போட்டா மட்டும் போதுமா? தெய்வானைகிட்டக் காட்டுனேன். அவ ஸ்கேலைப் புடுங்கி அடுப்புல போட்டுட்டா. நேத்துச் சாயந்திரம் கல்யாண வீட்டுக்குப் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பும்போது ஒரே வார்த்தைதான் சொன்னா. "அந்தப் புள்ள பொறந்தப்ப மொத மொதல்ல கையில வாங்குனது நீங்கதான். நாளைக்கு அது கையப் புடிக்கப்போறது கவுன்சிலரு. நல்லா அளந்து வச்சுக்கங்க." அப்படின்னுட்டுப் போயிட்டா. தட்டை வாங்கிக்க மட்டும் ஒம்பதே முக்காலுக்கு விலக்குல வந்து நிக்கிறேன்னா.

அது கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்லல. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில பொறந்தப்ப ஒன்னேமுக்கா கிலோதான் இருந்துச்சு. துணியில சுத்தி எங் கையில குடுத்தாங்க. மூணு நாளு நான் அங்கயே கெடந்தேன். எனக்குன்னு புள்ளகுட்டி இல்ல சார். அந்தக் கையக் கதிரேசன் புடிக்கிறதை நெனைச்சா ராத்திரி தூக்கம் வரல. என்ன பண்றது, வீம்புன்னு நெனைக்காதீங்க. ஒரு நிலையெடுத்துட்டா அதுல நிக்கணும்.

கத்தார் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. அங்கதான் சார் எனக்கு மனசு விட்டுப் போச்சு. மூணரை வருசம். ஒரு ஜனவரி மாசம், திடீர்னு ஒரு நாளு டிவியில காட்டுறான், பிளேன்லருந்து ஒருத்தர் இறங்குறாரு, இன்னொருத்தர் கீழ நிக்கிறாரு, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. முடிஞ்சது. பார்டரைத் தெறந்தாச்சு. கேம்ப்பே கை தட்டுது. நான் ஹுசாமைக் கேட்டேன், "அந்தப் பதிமூணுல எத்தனை நிறைவேறுச்சு?" அவரு கையத் தட்டிக் காமிச்சு, "கலாஸ்"ங்கிறாரு. முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். டிவியை மூடுனாங்களா? மூடல. துருக்கிக்காரன் போனானா? போகல. அப்ப எதுக்குய்யா மூணரை வருசம்? ஒரு ஆளாச்சும் தோத்திருக்கணுமில்ல? ஒரு ஆளாச்சும் தப்புன்னு ஒத்துக்கணுமில்ல? எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. ஹுசாம் சொன்னாரு, "மாஸ்டர், அவங்களுக்கு அலுத்துப்போச்சு. அம்புட்டுத்தான்." அலுத்துப்போறதெல்லாம் ஒரு காரணமா சார்? பேப்பர்ல எங்கயாவது அப்படி எழுதியிருக்கானா? ஒரு மண்ணும் வெளங்கல. பதினாறு வருசத்துல எனக்கு வெளங்காத ஒரே அரசியல் அதுதான்.

சார், சார், எந்திரிங்க, வந்துருச்சு. அந்தா வளைவு தெரியுதுல்ல, அதுதான் விலக்கு. கண்டக்டரே, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க, ஆளு இறங்கல, சாமான் மட்டுந்தான். நான் படிக்கட்டுக்குப் போறேன். நீங்க முதல்ல பழத்தட்டைக் குடுங்க, கடைசியா மாலை. எங்க இவ? பச்சைச் சேலை கட்டியிருப்பேன்னாளே. ஸ்டாப்புல யாரோ ஒரே ஒரு ஆளுதான் நிக்குது. தெய்வானை இல்லையே. யாரோ வயசான பொம்பளை.

சார்.

மீனா சார் அது. எந் தங்கச்சி.

என்ன சார் இவ இப்படி ஆயிட்டா? தலையெல்லாம் வெள்ளையா. எனக்கு நாலு வயசு எளையவ சார். எங்க ஆத்தா கடைசி காலத்துல நின்ன மாதிரியே நிக்கிறா. கல்யாணத்துப் பட்டைக் கட்டிக்கிட்டு இவ எதுக்கு இங்க வந்தா? முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரந்தான் இருக்கு, பொண்ணைப் பெத்தவ ரோட்டுல வந்து நிக்கலாமா? நான் பேச மாட்டேன். நீங்க கேளுங்க சார். தெய்வானை எங்கன்னு கேளுங்க.

என்னவாம்? மதினி வரலையாமா? சரி, தட்டை இவளையே வாங்கிக்கச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்களே நீட்டுங்க. என்ன? வாங்க மாட்டாளாமா? கையப் பின்னாடி கட்டிக்கிட்டாளா? சின்னப்புள்ளையிலருந்தே இவளுக்கு இந்தப் பிடிவாதம் சார். யாரைக் கொண்டு பொறந்தாளோ தெரியல, எங்க வீட்ல வேற யாருக்கும் இது கெடையாது. போகட்டும். கண்டக்டரே, விசில் அடிங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க.

ஏன் நகரல? என்ன சத்தம் அங்க? என்னது? முன்னாடி போய் நிக்கிறாளா? பஸ்ஸுக்கு முன்னாடியா?

யோவ் டிரைவரு, ஆரனை அடிக்காதய்யா! பொம்பளைப்புள்ள நிக்குது, கண்ணு தெரியல உனக்கு? அவளுக்குச் சின்னதுலருந்தே ஆரன் சத்தம் ஆகாது. ஏம்மா, நீங்க எதுக்கு உள்ள இருந்து கத்துறீங்க? ஆபீஸுக்கு நேரமாச்சுன்னா நான் என்ன பண்றது? நானா மறிக்கச் சொன்னேன்? இருங்க. எல்லாரும் சேந்து கத்தாதீங்க.

சார், நீங்க இதுக்கு சாட்சி. நல்லாக் கவனிச்சுக்குங்க. நானா இறங்கல. அம்பது பேரு வேலைக்குப் போறாங்க, பரீட்சைக்குப் போற புள்ளைக இருக்கு, முன் சீட்டுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு உக்காந்திருக்கு. நம்ம வீட்டுச் சண்டைக்காக ஊரு சனம் வெயில்ல வேகக் கூடாது. பொதுமக்களுக்காகத்தான் இறங்குறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா இதையே சொல்லுங்க. அந்த மாலைத் தட்டைக் குடுங்க. என் கண்ணு கெடக்கு, தூசி, நீங்க தட்டைக் குடுங்க சார்.

ஏ மீனா! தார் ரோட்டுல வெறுங்காலோட நிக்கிறியே, பொசுங்கிறாது? ஓரமா வாடி. வர்றேன். அந்தா வந்துட்டேன்.